சிக்கனே தொடாத மாமியாருக்கும் பேதி, அதுவும் மூன்று நாள் கழித்து. காரணம் சிக்கனா, பானி பூரியா?

காசிமேட்டு மருமகள் (புதன், இரவு 11:40)

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் இரண்டு பேர் படுத்துக் கிடக்கிறார்கள், எனக்குத் தூக்கம் வரவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் கொழுந்தனார் குடும்பம் மணலியிலிருந்து சாப்பிட வந்தார்கள். பிள்ளைகள் லெக் பீஸ் கேட்டார்கள் என்று சனிக்கிழமை சாயங்காலமே 12 வாங்கி ஃப்ரீசரில் வைத்திருந்தேன். ஞாயிறு காலை எடுத்தால் கல்லு மாதிரி இருக்கிறது. தண்ணீரில் போட்டு, ஓரளவு விட்டதும் கீறி மசாலா தடவி, ஒரு மணி நேரத்தில் எண்ணெயில் போட்டுவிட்டேன். மேலே நல்ல சிவப்பாக மொறுமொறு என்று வந்தது. கடித்த பிறகுதான் எலும்போரம் சிவப்பாக இருந்தது தெரிந்தது, இரண்டு பீஸில் உள்சதை வழவழ என்றே இருந்தது. என் வீட்டுக்காரர், அது எலும்பு ரத்தம், ஒன்றும் செய்யாது என்றார். பிள்ளைகளும் சாப்பிட்டுவிட்டார்கள்.

ஞாயிறு ஒன்றும் இல்லை. திங்கள் ஒன்றும் இல்லை. செவ்வாய் ராத்திரி சின்னவனுக்கு (9 வயது) காய்ச்சல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தான். இன்று காலையிலிருந்து ஏழெட்டு தடவை போய்விட்டான், சாயங்காலம் போனதில் சளியோடு ரத்தம் கோடு மாதிரி தெரிந்தது. அத்தைக்கும் இன்று மதியத்திலிருந்து அதே கதை.

குழப்பம் என்னவென்றால், அத்தை சிக்கனைத் தொடவே மாட்டார். காசிமேட்டிலேயே பிறந்து வளர்ந்தவர், மீனைத் தவிர வேறு கவிச்சி வாயில் வைக்க மாட்டார். அன்றைக்கும் சோறு, வஞ்சிரம் குழம்பு, வெள்ளரிக்காய் தயிர்ப் பச்சடி, அவ்வளவுதான். சிக்கன்தான் காரணம் என்றால் அத்தைக்கு எப்படி வந்தது? மூன்று நாள் கழித்தா வரும்? கெட்டதைச் சாப்பிட்டால் அன்று ராத்திரியே வாந்தி எடுக்க மாட்டோமா?

செவ்வாய் சாயங்காலம் சின்னவன் தெருமுனையில் பானி பூரி சாப்பிட்டான். அதுதான் என்று வீட்டில் எல்லோரும் முடிவே செய்துவிட்டார்கள். இவர் போய் அந்தப் பையனிடம் சத்தம் போட்டு, தண்ணீர்ப் பானையைக் கீழே கொட்டச் சொல்லி, பெரிய ரகளை. எனக்கு மனசு ஒப்பவில்லை. மருந்துக்கடையில் கேட்டதற்குப் பேதி நிற்க ஒரு மாத்திரை கொடுத்தார்கள், இன்னும் கொடுக்கவில்லை. கொடுக்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராயபுரம் லேப்காரன் (வியாழன், அதிகாலை 12:25)

தங்கச்சி, முதலில் அந்த மாத்திரையைக் கொடுக்காதீர்கள். காய்ச்சலும் ரத்தமும் இருக்கும்போது குடலைக் கட்டிப்போடும் மாத்திரை தரக்கூடாது, கிருமியும் அதன் நஞ்சும் வெளியே போகாமல் உள்ளேயே தங்கி நிலைமை மோசமாகலாம். சின்னப் பிள்ளை, மலத்தில் ரத்தம் வந்திருக்கிறது, விடியும் வரை காத்திருக்க வேண்டாம். உங்களுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கம். இல்லையென்றால் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள், வண்டி இல்லையென்றால் 108. போகும் வரை ஓ.ஆர்.எஸ். கரைத்து வாய் வாயாகக் கொடுங்கள். 21 கிராம் பாக்கெட்டை 1 லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கரைக்க வேண்டும், பாதி பாதியாக அளவு பார்த்துப் போடாதீர்கள். ஒவ்வொரு தடவை போன பிறகும் 100 முதல் 200 மில்லி. பாக்கெட்டில் உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலா என்று எழுதியிருக்க வேண்டும். ஜூஸ் மாதிரி அட்டை டப்பாவில் தித்திப்பாக விற்பது வேண்டாம். பாக்கெட் கிடைக்காவிட்டால் 1 லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அத்தைக்கும் அதேதான், வயதானவர்களுக்கு நீர்ச்சத்து குறைவது சட்டென்று தெரியாது. மூத்திரம் போவது குறைந்ததா, நாக்கு வறண்டதா, ஆள் மந்தமாக இருக்கிறாரா என்று பாருங்கள்.

இப்போது உங்கள் கேள்வி. நான் 17 வருடமாக லேபில் வேலை செய்கிறேன், டாக்டர் இல்லை, ஆனால் இந்த ‘மூன்று நாள் கழித்தா வரும்’ என்ற சந்தேகத்தை எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். வரும். அன்று ராத்திரியே வாந்தி என்பது பெரும்பாலும் சாப்பாட்டில் ஏற்கெனவே ஊறிக் கிடந்த நஞ்சால் வருவது, ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற கிருமி விடும் நஞ்சு மாதிரி, அரை மணி நேரத்திலிருந்து 8 மணி நேரத்துக்குள் காட்டிவிடும். கோழியில் வரும் கிருமிகளில் பெரிய ஆட்கள் இரண்டு பேர். ஒன்று சால்மோனெல்லா, 6 மணி நேரத்திலிருந்து 6 நாள் வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம். இன்னொன்று கேம்பைலோபாக்டர், இது சாதாரணமாக 2 முதல் 5 நாள் எடுத்துக்கொள்ளும். உயிரோடு வயிற்றுக்குள் போய், குடலில் குடியேறிப் பெருகி, சுவரைப் புண்ணாக்கிய பிறகுதான் காய்ச்சலும் வலியும் ரத்தமும். ஞாயிறு மதியம் சாப்பிட்டு செவ்வாய் ராத்திரி காய்ச்சல் என்றால் கணக்கு அப்படியே பொருந்துகிறது. ஆறு மணிக்குப் பானி பூரி தின்று பத்து மணிக்குள் காய்ச்சலும் மறுநாள் ரத்தமும் என்பதுதான் கொஞ்சம் இடிக்கிறது. அதோடு அத்தை பானி பூரி சாப்பிடவில்லையே.

கடைசியாக எதைச் சாப்பிட்டோமோ அதன் மேல் பழி போடுவது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். வியாதி நாலு நாளைக்கு முந்தின சாப்பாட்டில் இருக்கும்.

எனக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள். அந்த வெள்ளரிக்காயை எதில் வைத்து நறுக்கினீர்கள்?

பழைய வண்ணை (வியாழன், காலை 7:10)

லேப் அண்ணா ரொம்பப் பயமுறுத்துகிறார். எங்கள் ஆயா வாரத்துக்கு ரெண்டு கோழி அடிப்பார், மஞ்சள், கல் உப்பு, எலுமிச்சம்பழம் போட்டு மூன்று தண்ணீர் கழுவினால் எந்தக் கிருமியும் நிற்காது. நாங்கள் ஆறு பேர் அதைத் தின்றுதான் வளர்ந்தோம். இப்போது வருகிற பிராய்லர் கறிதான் கோளாறு.

ராயபுரம் லேப்காரன் (வியாழன், காலை 7:45)

பயமுறுத்தவில்லை அண்ணா. மஞ்சளும் எலுமிச்சையும் கவிச்சி வாடையை எடுக்கும், சதைக்குள் இருக்கும் கிருமியை எடுக்காது. உங்கள் ஆயா செய்ததில் காப்பாற்றியது என்னவென்றால், அந்தக் காலத்து நாட்டுக்கோழி வேக ஒரு மணி நேரம் ஆகும். கொதிக்கிற குழம்பில் அவ்வளவு நேரம் கிடந்தால் எதுவும் பிழைக்காது. பிராய்லர் இருபது நிமிடத்தில் மெத்தென்று ஆகிவிடுவதால் நாம் சீக்கிரம் இறக்கிவிடுகிறோம். கிருமி நாட்டுக்கோழியிலும் உண்டு.

காசிமேட்டு மருமகள் (வியாழன், காலை 10:50)

ராத்திரியே கூட்டிப் போய்விட்டோம். டிரிப்ஸ் ஏற்றியிருக்கிறார்கள், காய்ச்சல் இறங்கியிருக்கிறது, மலம் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறோம். அத்தைக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள், ஓ.ஆர்.எஸ். குடிக்கிறார்.

அண்ணா, உங்கள் கேள்வியை ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்துதான் படித்தேன். வெள்ளரிக்காயை அதே பலகையில்தான் நறுக்கினேன். லெக் பீஸைக் கீறியதும் அந்தப் பலகைதான், அந்தக் கத்திதான். நடுவில் குழாயில் காட்டி அலசினேன், சோப்பு போடவில்லை, அடுப்படித் துணியால் துடைத்தேன். அந்தத் துணியில்தான் கையையும் துடைத்துக்கொண்டே இருந்தேன். அவசரம், ஆட்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

இன்னொன்று. கொழுந்தனாருக்கு போன் போட்டுக் கேட்டேன். அவருக்கும் செவ்வாய் ராத்திரியிலிருந்து வயிற்றுவலியும் பேதியுமாம், இரண்டு நாளாக வேலைக்குப் போகவில்லை. விருந்துக்குக் கூப்பிட்ட வீட்டைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று சொல்லாமல் இருந்திருக்கிறார். அவர் மணலியில் இருக்கிறார், எங்கள் தெருப் பானி பூரிக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்.

ராயபுரம் லேப்காரன் (வியாழன், காலை 11:30)

பிள்ளையை நேரத்தோடு கூட்டிப் போனீர்கள், அதுதான் முக்கியம்.

பலகைதான் அத்தைக்குப் பாலமாக இருந்திருக்க வேண்டும். கேம்பைலோபாக்டருக்கு ஒரு ஐந்நூறு கிருமி போனாலே போதும், பச்சைக் கோழிச் சாறு ஒரு சொட்டில் அதைவிட அதிகம் இருக்க முடியும். பொரித்த பீஸிலாவது ஓரளவு சூடு பட்டது, பச்சடியில் சூடே கிடையாது. அதனால் வேகாத கோழியைத் தின்றவர்களில் பாதிப் பேர் தப்பித்து, கோழியே தொடாதவர் மாட்டிக்கொள்வது நடக்கும். 2019-இல் அமெரிக்க விவசாயத் துறை ஒரு ஆய்வு செய்தது. வீட்டில் கோழியைக் கழுவிச் சமைத்தவர்களில் நூற்றுக்கு 26 பேருடைய சாலட்டில் அந்தக் கோழியின் கிருமி போய்ச் சேர்ந்திருந்தது. கழுவாமல் சமைத்தவர்கள் சாலட்டிலும் நூற்றுக்கு 31 பேருக்கு இருந்தது, ஏனென்றால் கையைச் சரியாகக் கழுவவில்லை. கழுவினாலும் கழுவாவிட்டாலும் கை, பலகை, தொட்டி, துணி இந்த நாலிலும் சோப்பு போடாமல் தப்பிக்க முடியாது.

பரிசோதனை பற்றி ஒரு வார்த்தை. வழக்கமான மலக் கல்ச்சரில், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், கேம்பைலோபாக்டர் தானாக வளராது, அதை வளர்க்கத் தனி ஊடகம், குறைந்த ஆக்சிஜன், 42 டிகிரி சூடு எல்லாம் வேண்டும், பல லேபில் தேடுவதே இல்லை. அதனால் ‘ஒன்றும் வளரவில்லை’ என்று ரிப்போர்ட் வந்தால் கிருமியே இல்லை என்று அர்த்தமில்லை. ஷிகெல்லா என்ற கிருமியும் ரத்தபேதி கொடுக்கும், எது என்று டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆன்டிபயாட்டிக்கை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், வழக்கமாகக் கொடுக்கிற பல மாத்திரைகள் இப்போது இந்தக் கிருமியிடம் செல்லுபடியாவதில்லை. குணமான பிறகு ஒன்றிரண்டு மாதத்துக்கு மூன்று பேரையும் கவனியுங்கள். கால் மரத்துப் போவது, மாடிப்படி ஏற முடியாமல் கால் துவளுவது என்று ஏதாவது சொன்னால் அன்றே நரம்பு டாக்டரிடம் காட்டுங்கள். கில்லன் பாரே என்று ஒரு நரம்பு வியாதி, இந்தக் கிருமிக்குப் பிறகு ஆயிரத்தில் ஒருவருக்கு வரலாம். அபூர்வம்தான், ஆனால் தெரிந்திருக்க வேண்டும்.

கறிக்கடைத் தம்பி, வியாசர்பாடி (வியாழன், மதியம் 2:15)

அக்கா, நான் கடையில் நிற்கிறவன், எங்கள் பக்கத்திலிருந்து உள்ளதைச் சொல்கிறேன். கோழி பார்க்கச் சுறுசுறுப்பாக, கண் பளபளப்பாக இருந்தாலும் குடலில் இந்தக் கிருமி இருக்கும். கோழிக்கு அது வியாதியே இல்லை. கோழி உடம்புச் சூடு 41, 42 டிகிரி, லேப் அண்ணன் சொன்ன அந்தக் கிருமிக்கு அதுதான் தாய் வீடு. நாங்கள் வெட்டிக் குடலை இழுக்கும்போது கிழிந்தால் போச்சு, அது கறியெல்லாம் படும். ஞாயிற்றுக்கிழமை காலையில் க்யூ நிற்கும்போது அதே கட்டை, அதே கத்தி, அதே வாளித் தண்ணீர்தான், முப்பது கோழிக்கும். நல்ல கடையில் அடிக்கடி தண்ணீர் மாற்றுவார்கள், கட்டையை உப்புப் போட்டுச் சுரண்டுவார்கள், ஆனாலும் கறியில் கிருமியே இருக்காது என்று எந்தக் கடைக்காரரும் சத்தியம் செய்ய முடியாது. அதனால் ‘பழகின கடை’ என்ற நம்பிக்கையில் வேக்காட்டைக் குறைக்காதீர்கள்.

எங்கள் கறியில் இறகுத் துணுக்கும் ரத்தமும் இருக்கும், கழுவாமல் சமைக்கச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், அது எனக்குத் தெரியும். அப்படியென்றால் குழாயடியில் பிடித்துக் கழுவாதீர்கள், கையெட்டும் தூரம் வரை தெறிக்கும், பக்கத்தில் கவிழ்த்து வைத்த டம்ளர் மேலெல்லாம் விழும். ஆழமான குண்டானில் தண்ணீர் நிரப்பி, கறியை உள்ளே போட்டு மெதுவாக அலசி, தண்ணீரைச் சத்தமில்லாமல் சாய்த்து ஊற்றுங்கள். அப்புறம் தொட்டி, குழாய்த் திருகு இரண்டையும் சோப்பு போட்டுத் தேயுங்கள். குழாய்த் திருகை எல்லோரும் மறந்துவிடுவார்கள், கோழிக் கையோடு திறந்தது அதைத்தானே. பச்சடி, சாலட் எல்லாம் கறியைத் தொடுவதற்கு முன்னால் நறுக்கி மூடி வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை இல்லை.

கறிக் கவரை வண்டி ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு காய்கறி, மளிகை என்று வெயிலில் ஒன்றரை மணி நேரம் சுற்றுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். கறியைக் கடைசியாக வாங்குங்கள் அக்கா.

பெரம்பூர் மாஸ்டர் (வியாழன், இரவு 10:05)

கடை மூடிவிட்டு வந்து எழுதுகிறேன் மா. பையன் நல்லபடியாகத் தேறட்டும்.

லெக் பீஸ் எங்கே தப்பானது என்று சொல்கிறேன். முழுசாகப் பனி விடாத கறியை எண்ணெயில் போட்டீர்கள். நடுவில் ஐஸ் இருக்கும், எண்ணெய்ச் சூடு முதலில் அந்த ஐஸை உருக்கத்தான் செலவாகும், அதற்குள் மேலே உள்ள மசாலா கருகத் தொடங்கும், நாம் எடுத்துவிடுவோம். ஃப்ரீசரில் வைத்ததால் கிருமி செத்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம், சால்மோனெல்லா தூங்கும், எழுந்துகொள்ளும். முதல் நாள் ராத்திரியே ஃப்ரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றி வையுங்கள், அடியில் ஒரு தட்டு வைத்து. கீறல் எலும்பைத் தொட வேண்டும், மேலாகப் போடுவது மசாலாவுக்குத்தான் உதவும். எண்ணெய் புகைகிற சூட்டில் போடாதீர்கள், நடுத்தரச் சூட்டில் ஒரு லெக் பீஸுக்குப் பன்னிரண்டு பதினைந்து நிமிடம் பொறுமை வேண்டும். சட்டியில் நாலுக்கு மேல் போட்டால் எண்ணெய் குளிர்ந்துவிடும். 65 மாதிரி எலும்பில்லாத சின்னத் துண்டு என்றால் பயம் குறைவு.

நிறத்தை நம்பாதீர்கள், இரண்டு பக்கமும் ஏமாற்றும். இளங்கோழி எலும்பு மெலிசு, உள்ளே இருக்கும் மஜ்ஜை கசிந்து, நன்றாக வெந்த பிறகும் எலும்போரம் சிவப்பாகவே நிற்கும். அந்த வகையில் உங்கள் வீட்டுக்காரர் சொன்னது முழுப் பொய் இல்லை. ஆனால் சதை வழவழ என்று இருந்தது என்றீர்களே, அது வேகாததுதான், அங்கே சந்தேகமே இல்லை. சிவப்புக் கலர்ப் பொடி போட்டால் உள்ளே ரத்தமா மசாலாவா என்று எனக்கே தெரியாது, அதனால் கடையில் நான் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் வைத்திருக்கிறேன். எலும்பைத் தொடாமல் கனமான இடத்தில் குத்தினால் 74 டிகிரி காட்ட வேண்டும். காட்டாவிட்டால் திரும்ப எண்ணெயில். சில நூறு ரூபாய்க்கு ஆன்லைனிலேயே கிடைக்கிறது.

என் தொழிலைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தள்ளுவண்டிகளிலும் சின்னக் கடைகளிலும் சாயங்காலமே அரை வேக்காட்டில் பொரித்துக் குவித்து வைப்போம், கேட்கும்போது ஒரு முக்கு முக்கிக் கொடுப்போம். அந்த அரை வேக்காடு மூன்று மணி நேரம் வெதுவெதுப்பாகக் கிடந்தால் கிருமிக்கு அது கல்யாண வீடு. ஒரு முக்கில் உள்ளே சூடு ஏறாது. ஷவர்மாவில் கூட்டம் நெருக்கும்போது வெந்த மேல் அடுக்குக்குக் கீழே உள்ளதையும் சேர்த்துச் சீவிவிடுவார்கள். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுப் பெண் செத்துப் போனாளே, அந்தச் செய்தி வந்த அன்றுதான் என் கடையில் அரை வேக்காடு போடுவதை நிறுத்தினேன். 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு ஒரு வருடத் தடை போட்டதும் சால்மோனெல்லா மாதிரிக் கிருமிகளுக்குப் பயந்துதான். நீங்கள் வெளியே வாங்கினாலும் கடையில் நின்று ஒரு பீஸைப் பிய்த்துப் பாருங்கள், வழவழ என்றிருந்தால் திருப்பிக் கொடுங்கள். கோபப்படுகிற மாஸ்டர் கடைக்கு மறுபடி போகாதீர்கள்.

பழைய வண்ணை (வெள்ளி, காலை 6:55)

சரி, லேப் அண்ணா சொன்னதை ராத்திரி முழுக்க யோசித்தேன். எங்கள் வீட்டிலும் ஒரே பலகைதான். இன்றைக்கு இன்னொன்று வாங்குகிறேன். பிள்ளை எப்படி இருக்கிறான்?

காசிமேட்டு மருமகள் (சனி, இரவு 9:20)

வீட்டுக்கு வந்துவிட்டோம். ரத்தம் நின்றுவிட்டது, இன்று மூன்று தடவைதான் போனான், இட்லி கேட்டுச் சாப்பிட்டான். மல ரிப்போர்ட்டில் ஒன்றும் வளரவில்லை என்றுதான் வந்தது, லேப் அண்ணா முன்பே சொல்லிவிட்டதால் வீட்டில் எல்லோருக்கும் அதை விளக்க முடிந்தது. டாக்டரிடம் ஞாயிற்றுக்கிழமை சமையலை முழுசாகச் சொன்னேன், கோழியிலிருந்துதான் வந்திருக்க அதிக வாய்ப்பு என்றார். கொழுந்தனாரும் டாக்டரைப் பார்த்துவிட்டார்.

பழைய மரப்பலகையை இனி கோழிக்கு மட்டும் என்று ஒதுக்கி, கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டிவிட்டேன். காய்க்குப் புதிதாக ஒன்று. அடுப்படித் துணியைத் தினமும் கொதிக்கிற தண்ணீரில் போடுகிறேன். அத்தைக்கு இன்னும் சோர்வாக இருக்கிறது, ஆனால் என் மேல் கோபமில்லை, மீன் அறுக்கிற அரிவாள்மனையில் யாரையும் காய் நறுக்க விடாத நான் உன் பலகையைப் பார்க்காமல் விட்டேனே என்று தன்னையே திட்டிக்கொள்கிறார்.

இன்று சாயங்காலம் இவரைக் கூட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போனேன். அந்தப் பையன் எங்களைப் பார்த்ததும் வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பப் பார்த்தான். இவர்தான் முன்னால் போய், தம்பி, தப்பு எங்கள் வீட்டில் நடந்தது, உன் மேல் இல்லை, மன்னிச்சுக்கோ என்றார். அன்று கொட்டிய தண்ணீருக்கும் போன வியாபாரத்துக்கும் ஐந்நூறு ரூபாய் கொடுத்தோம். அவன் முதலில் வாங்கவில்லை. சுற்றி நின்றவர்கள் முன்னாலேயே இவர் இன்னொரு தடவை சத்தமாகச் சொன்ன பிறகுதான் வாங்கிக்கொண்டான், தம்பிக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டான்.